70 மணி நேரம் 40 ஆனபோது: விஸ்தாரா விமானிகளின் ஊதியக் கணக்கு

2024 ஏப்ரல் முதல் வாரத்தில் விஸ்தாரா விமான நிறுவனம் ஓரிரு நாள்களுக்குள் 100க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. இன்னும் பல விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகக் கிளம்பின. வானிலை சீராகவே இருந்தது, விமானங்களும் பழுதின்றி நின்றன, அவற்றை ஓட்டுவதற்குப் போதிய விமானிகள்தான் பணிக்கு வரவில்லை. பலர் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி விடுப்பு எடுத்ததாகச் செய்திகள் வெளியாயின. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் நிறுவனத்திடம் அறிக்கை கேட்டது. டிஜிசிஏ என அறியப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ரத்தும் தாமதமும் பற்றி நாள்தோறும் தகவல் தருமாறு உத்தரவிட்டது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி வினோத் கண்ணன் விமானிகளுடன் காணொளி வழியே பேசினார். பணிப்பட்டியல் மிக இறுக்கமாகப் போடப்பட்டிருந்ததால் சிறு இடையூறைக்கூடத் தாங்க முடியவில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில நாள்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை, அதாவது மொத்த இயக்கத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை, நிறுவனம் தானாகவே குறைத்துக்கொண்டது.

இந்தப் பிணக்கின் நடுவில் இருந்தது ஒரே ஓர் எண். ஏர் இந்தியாவுடன் இணைவதை முன்னிட்டு விமானிகளுக்கு அனுப்பப்பட்ட புதிய ஒப்பந்தத்தில், பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதந்தோறும் ஊதியம் கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட பறப்பு நேரம், அதாவது உத்தரவாத நேரம், 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 40 மணிக்கு மேல் பறந்தால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் தனி ஊதியம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் நட்டம் எங்கே என்ற கேள்வி எழும். மாதம் 75 மணி பறப்பவருக்கு 70க்கு மேல் 5 மணி கூடுதலாகக் கிடைப்பதும், 40க்கு மேல் 35 மணி கூடுதலாகக் கிடைப்பதும் ஒன்றுதானே? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு விமானியின் ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். விமானிகளின் ஊதியத்தை ஒப்பிட்டு வெளிவரும் பெரும்பாலான பட்டியல்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகின்றன என்பது என் கருத்து.

எந்த மணி கணக்கில் வரும்

இந்திய விமானியின் மாத வருமானத்தில் பொதுவாக இரண்டு பெரும் பகுதிகள் உண்டு. பதவியையும் பணிக்காலத்தையும் ஒட்டிய நிலையான சம்பளம் ஒன்று. பறந்த நேரத்துக்கான பறப்புப்படி மற்றொன்று. வெளியூரில் இரவு தங்குவதற்கான படி, பயிற்சி அளிப்பவர்களுக்கான படி போன்றவை இவற்றின்மேல் சேரும். இந்தப் பறப்புப்படியின் அலகு பிளாக் நேரம் எனப்படுகிறது: பயணத்துக்காக விமானம் தன் நிறுத்துமிடத்திலிருந்து அசையத் தொடங்கும் கணம் முதல், சேருமிடத்தில் வந்து நிற்கும் கணம் வரையிலான நேரம்.

ஒரு நாள் பணியை அருகில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். ஏ320 விமானத்தில் நான்கு உள்நாட்டுப் பயணங்கள், ஒவ்வொன்றும் 1 மணி 15 நிமிடம் என்று கொள்வோம். முதல் பயணத்துக்கு 1 மணி நேரம் முன்னதாக விமானி பணியில் சேர வேண்டும். பயணங்களுக்கு இடையே தலா 45 நிமிடம் தரையில் கழியும். கடைசியில் ஆவணங்களை முடிக்க அரை மணி ஆகும். மொத்தப் பணி நேரம் 8 மணி 45 நிமிடம், கணக்கில் ஏறும் பிளாக் நேரம் 5 மணி. அதே நாளில் டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போயிங் 787 விமானத்தில் செல்லும் விமானி, ஒரே பயணத்தில் ஏறத்தாழ 9 மணி பிளாக் நேரத்தைச் சேர்த்துக்கொள்கிறார். அவருக்கு நேர வேறுபாடும் இரவு விழிப்பும் வேறு சுமைகள் என்பது உண்மை. ஆனாலும் இருவருக்கும் மணிநேர ஊதியம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால்கூட, மாத இறுதியில் கைக்கு வரும் தொகை ஒன்றாக இராது. மணிநேர ஊதியத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுவோர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

பறக்காத பணிகளும் ஏராளம். அழைப்புக்காக வீட்டிலோ விமான நிலையத்திலோ காத்திருக்கும் நாள், சிமுலேட்டர் பயிற்சி, ஆண்டு மருத்துவப் பரிசோதனை, வகுப்பறைப் பாடங்கள், இன்னோர் ஊரில் பணியில் சேர்வதற்காகப் பயணியாகச் செல்லும் நேரம் ஆகிய எதிலும் பிளாக் நேரம் ஓடாது. இவற்றில் சிலவற்றுக்கு நிறுவனங்கள் தனியாக ஏதேனும் தருவதுண்டு. ஆனால் இந்த இடைவெளிகளை எல்லாம் மொத்தமாக அடைத்து வந்தது உத்தரவாத நேரம்தான். எனவே அதை ஒரு சலுகை என்று கருதுவது பொருந்தாது. கணக்கில் ஏறாத உழைப்புக்கான ஊதியத்தின் ஒரு பகுதி அதற்குள் அடங்கியிருந்தது.

ஓர் ஆண்டின் கணக்கு

உத்தரவாதத்தின் விளைவை மட்டும் தனித்துப் பார்ப்பதற்காக, ஒரு மணி பறப்புக்கான ஊதியத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். பழைய ஒப்பந்தத்திலும் புதியதிலும் அது மாறவில்லை என்றும் கொள்வோம். நிலையான சம்பளத்தைக் கணக்குக்கு வெளியே நிறுத்திவிடலாம்.

ஒரு துணை விமானி ஆண்டில் எட்டு மாதங்கள் தலா 75 மணி பறக்கிறார். மீதமுள்ள நான்கில், ஒரு மாதம் பயணிகள் வரத்து குறைந்து 60 மணி, இன்னொரு மாதம் காத்திருப்புப் பணிகள் மிகுந்து 50 மணி, விடுப்பு எடுத்த மாதத்தில் 30 மணி, பயிற்சியில் கழிந்த மாதத்தில் 10 மணி பறக்கிறார். ஆண்டு முழுவதும் பறந்தது 750 மணி. பழைய விதிப்படி எட்டு மாதங்களுக்கு 600 அலகும், 70 மணியை எட்டாத நான்கு மாதங்களுக்குத் தலா 70 வீதம் 280 அலகுமாக 880 அலகு கிடைக்கும். புதிய விதிப்படி அதே எட்டு மாதங்களுக்கு 600. பிறகு 60, 50, 40, 40. ஆக மொத்தம் 790 அலகு. வேறுபாடு 90 அலகு, அதாவது பறப்புப்படியில் 10 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். எட்டு மாதங்கள் ஒரு பைசாகூடக் குறையவில்லை. இழப்பு முழுவதும் நான்கு மாதங்களில் குவிந்துவிட்டது.

இதையே சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் தவறான படமே கிடைக்கும். 750 மணியை 12ஆல் வகுத்தால் மாதம் 62.5 மணி வருகிறது. இது 40ஐவிட அதிகம் என்பதால் புதிய உத்தரவாதம் ஒருபோதும் செயல்படாது என்று அந்தக் கணக்கு காட்டும். ஊதியம் 750 அலகு என்றும் சொல்லும். பழைய விதியில் சராசரி 70க்குக் கீழே இருப்பதால் மாதந்தோறும் 70 வீதம் 840 அலகு என்று காட்டும். இரண்டு விடைகளுமே உண்மைத் தொகையைவிடக் குறைவு. உத்தரவாதம் மாதத்துக்கு மாதம் தனித்தனியாகச் செயல்படுகிறது. அதன் மதிப்பு சராசரியில் இல்லை, மாதங்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. ஒரே சராசரி கொண்ட இரு விமானிகளில், மாதந்தோறும் சீராக 62 அல்லது 63 மணி பறப்பவருக்கும், சில மாதம் 85, சில மாதம் 20 என்று பறப்பவருக்கும் ஒரே ஒப்பந்தம் வெவ்வேறு தொகையைத் தரும்.

உத்தரவாதத்தைக் குறைத்துவிட்டு மேற்கண்ட துணை விமானியின் பழைய வருமானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், மணிநேர ஊதியத்தை 880க்கு 790 என்ற விகிதத்தில், அதாவது 11.4 விழுக்காடு உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால் ஆண்டு முழுவதும் 75 மணிக்குக் குறையாமல் பறக்கும் இன்னொருவருக்கு அது முழு ஊதிய உயர்வாக அமைந்துவிடும். ஆகவே உத்தரவாதத்துக்கு ஈடாக மணிநேர ஊதியத்தை உயர்த்தும் எந்த ஏற்பாடும், பறக்க வாய்ப்பில்லாதவரிடமிருந்து எடுத்து வாய்ப்புள்ளவருக்குக் கொடுக்கிறது. அதிகம் பறப்பவருக்கு அதிகம் கிடைக்கும் என்ற வாதம் பிழையன்று. எவ்வளவு பறப்பது என்பதை விமானி முடிவு செய்வதில்லை, பணிப்பட்டியல் போடுபவர் முடிவு செய்கிறார் என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

துணை விமானிகளிடமிருந்து எதிர்ப்பு கடுமையாக வந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். கேப்டனுக்கு நிலையான சம்பளம் அதிகம் என்பதால் பறப்புப்படி ஏறி இறங்கினாலும் வீட்டுச் செலவு நின்றுவிடாது. பயிற்சி மாதங்கள் மிகுந்திருப்பவரும், விமானி உரிமத்துக்கும் குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சிக்கும் வாங்கிய கடனை மாதத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பவரும் பெரும்பாலும் துணை விமானிகளே. தவணைத் தொகை பறந்த மணிக்கேற்ப மாறுவதில்லை.

நிறுவனத்தின் தரப்பு

விஸ்தாரா, டாடா சன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 51க்கு 49 என்ற பங்கில் தொடங்கிய நிறுவனம். 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கியது. ஏர் இந்தியாவை டாடா குழுமம் 2022 ஜனவரியில் மீண்டும் கையிலெடுத்த பிறகு, அதே ஆண்டு நவம்பரில் விஸ்தாராவை அதனுடன் இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. இணைந்த பின் ஒரே விமானி அறையில் அருகருகே அமரப்போகும் இருவருக்கு இருவேறு ஒப்பந்தங்கள் இருக்க முடியாது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு, அது நியாயமானதும்கூட. ஏர் இந்தியாவில் 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஊதிய அமைப்பில் உத்தரவாதம் 20 மணியிலிருந்து 40 மணியாக உயர்த்தப்பட்டிருந்தது. ஆக, அதே 40 என்ற எண் ஏர் இந்தியாவில் இரு மடங்கு உயர்வாகவும் விஸ்தாராவில் வெட்டாகவும் வந்து சேர்ந்தது. ஒப்பிடும்போது எந்த நாளைத் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதே விடையின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்தரவாதம் என்ற சொல் தருகிற அளவுக்கு அது உறுதியானதாக ஒருபோதும் இருந்ததில்லை. 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டு விமானச் சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உத்தரவாதம் உண்மையில் தேவைப்பட்ட அந்தக் காலத்தில், 70 மணியாக இருந்த அடிப்படைப் பறப்புப்படியை விஸ்தாரா 20 மணியாகக் குறைத்தது. வருவாயே இல்லாத நிறுவனம் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஆனால் மாதத்துக்கு மாதம் வரும் சிறு இறக்கங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பயன்படும், பெருவெள்ளத்துக்குப் பயன்படாது என்பதை விமானிகள் அப்போதே கற்றுக்கொண்டனர். 2024இல் அந்தச் சிறு இறக்கங்களுக்கான பாதுகாப்பும் குறைக்கப்பட்டபோது கசப்பு மிகுந்ததில் வியப்பில்லை.

இறக்கத்துக்கான காரணங்களும் பெரும்பாலும் விமானியின் கையில் இல்லை. 2023 மே மாதம் சேவையை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் நிறுவனம், பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் கிடைக்காமல் தன் விமானங்களில் பெரும் பகுதி தரையில் நிற்க நேர்ந்ததையே காரணமாகக் கூறியது. நிறுவனம் மூடப்படாமல் இருந்து விமானங்கள் மட்டும் நிற்குமானால், அந்த மாதத்தின் நட்டத்தை யார் சுமப்பது? 70 மணி உத்தரவாதத்தில் அதன் பெரும் பங்கு நிறுவனத்தின் கணக்கில் விழும். 40 மணி உத்தரவாதத்தில் 40க்கும் 70க்கும் இடைப்பட்ட பங்கு விமானியின் வீட்டுக்குப் போகும்.

பிற நாட்டு அட்டவணைகளோடு ஒப்பிடும்போது

அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் ஊதிய அட்டவணை மூன்று கூறுகளைக் கொண்டது: கேப்டனா துணை விமானியா, எந்த விமான வகை, பணியில் எத்தனையாவது ஆண்டு. இவை சந்திக்கும் கட்டத்தில் மணிநேர ஊதியம் டாலரில் எழுதப்பட்டிருக்கும். யுபிஎஸ் சரக்கு விமானிகளுக்கு மட்டும் விமான வகை எதுவானாலும் ஒரே ஊதியம். 2023இல் டெல்டா நிறுவனத்தின் விமானிகள் நான்காண்டுக் காலத்தில் 34 விழுக்காடு உயர்வு தரும் ஒப்பந்தத்தை ஏற்றபோது, அந்த அட்டவணையிலுள்ள மணிநேர ஊதியத்தை ஆண்டுக்கு 1,000 மணியால் பெருக்கி, ரூபாய்க்கு மாற்றி, இந்திய விமானியின் சம்பளத்துக்கு அருகில் வைக்கும் கணக்குகள் வழக்கம்போலப் புழங்கின. 1,000 என்பது பல நாடுகளின் விதிமுறைகள் ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு, இந்தியாவிலும் அதுவே. ஐரோப்பாவில் ஒரு நாள்காட்டி ஆண்டுக்கு 900. வரம்பையே வழக்கமாகக் கொண்டு பெருக்குவது பிழை.

அதைவிடப் பெரிய பிழை, அங்கே ஊதியம் தரப்படும் மணி பிளாக் மணி மட்டுமே என்று நினைப்பது. அங்கும் மாத உத்தரவாதம் உண்டு, பொதுவாக 70 மணியை ஒட்டியே இருக்கும். அதோடு, ஒரு நாள் பணிக்கு அழைத்தால் குறைந்தது இத்தனை மணி ஊதியம், பணியில் இருந்த இத்தனை மணிக்கு ஒரு மணி ஊதியம், வீட்டைவிட்டு வெளியே கழித்த இத்தனை மணிக்கு ஒரு மணி ஊதியம் என்று ஒப்பந்தத்தில் பல குறைந்தபட்ச அளவுகள் போடப்பட்டிருக்கும். எது அதிகமோ அதுவே வழங்கப்படும். மேலே சொன்ன நான்கு பயணங்கள் கொண்ட நாளில், பணி நேரத்தில் பாதிக்குக் கூலி என்ற விதி இருந்தால் 8 மணி 45 நிமிடத்துக்கு 4 மணி 22 நிமிடம்தான் வரும், எனவே 5 மணி பிளாக் நேரமே நிற்கும். ஒரே ஒரு குறும்பயணம் போய்விட்டு விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்துத் திரும்பும் நாளில் அந்த விதி தன் வேலையைக் காட்டும். பணிப்பட்டியலைச் செம்மையாகப் போடுவதற்கு இது நிறுவனத்துக்கே ஒரு தூண்டுதல், ஏனெனில் வீணாகும் நேரத்துக்கு அதுவே விலை கொடுக்கிறது. ஓய்வூதியக் கணக்கில் நிறுவனம் செலுத்தும் பங்கும் லாபப் பங்கீடும் மணிநேர அட்டவணையில் தெரியாது. வளைகுடா நிறுவனங்களில் வரியின்மை, குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை அதே இடத்தை நிரப்புகின்றன.

வேகமான விமானம் வந்தால் அதன் பலன் யாருக்கு என்ற சிக்கல் இந்தத் தொழிலில் மிகப் பழையது. 1934இல் அமெரிக்கத் தேசிய தொழிலாளர் வாரியம் அளித்த 83ஆம் முடிவு, விமானியின் ஊதியத்தை அடிப்படைச் சம்பளம், மணிநேர ஊதியம், பறந்த மைல்களுக்கான ஊதியம் என்று பிரித்தது. மாதத்துக்கு 85 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. மணியை மட்டும் எண்ணினால், அதே தொலைவை விரைவாகக் கடக்கும் புதிய விமானம் விமானியின் வருமானத்தைக் குறைத்துவிடும். மைலையும் எண்ணியதால் வேகத்தின் பலனில் ஒரு பங்கு அவருக்கும் கிடைத்தது. 90 ஆண்டுகளுக்குப் பிறகும் பேரம் அதே புள்ளியில்தான் நிற்கிறது.

விமானி என்ற ஒரே பெயருக்குள் எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதை 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே 50 உயிர்களைப் பறித்த கோல்கன் ஏர் விபத்தின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. பயணிகள் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய சேவையில் ஏறியிருந்தனர். இயக்கியது ஒரு பிராந்திய நிறுவனம். அதன் துணை விமானியின் ஆண்டு ஊதியம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் தெரியவந்தது. விபத்துக்கான காரணமாக முதன்மையாகக் கூறப்பட்டது, வேகம் குறைந்ததற்கான எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினையாற்றியதே தவிர ஊதியம் அன்று. ஆனால் பெரிய நிறுவனத்து மூத்த கேப்டனின் ஊதியத்தை எடுத்து விமானிகளின் ஊதியம் என்று பொதுவாக எழுதுவோருக்கு அந்த எண் போதுமான மறுப்பு.

பணிமூப்பும் வெளியேறும் வழியும்

விஸ்தாரா விமானிகளின் கவலைகளில் பணிமூப்புப் பட்டியலும் இருந்தது. இரு நிறுவனங்கள் இணையும்போது யார் யாருக்கு முன்னே வைக்கப்படுகிறார் என்பது மரியாதைப் பிரச்சினையாகத் தோன்றலாம். உண்மையில் அது தள்ளிவைக்கப்பட்ட ஊதியம். பட்டியலில் கீழே இறங்கும் துணை விமானி கேப்டன் ஆவது இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனால், இரு பதவிகளுக்கும் இடையிலான வருமான வேறுபாட்டை அவர் இரண்டு ஆண்டுகளுக்கு இழக்கிறார். எந்தச் சம்பள அட்டவணையிலும் இந்த இழப்பு பதிவாகாது. அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்த பிறகு இந்தப் பட்டியலுக்காக விமானிகளே இரு அணிகளாகப் பிரிந்து பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினர்.

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்பதற்கும் இந்தியாவில் தடை உண்டு. டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி, விலக விரும்பும் கேப்டன் ஓர் ஆண்டுக்கு முன்பும் துணை விமானி ஆறு மாதங்களுக்கு முன்பும் தெரிவிக்க வேண்டும். வேறெந்தத் தொழிலிலும் அரிதான இந்த நீண்ட காலம், ஊதியத்தைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்ற வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. ஒப்பந்தத்தில் பெரும்பாலானோர் கையெழுத்திட்டுவிட்டனர் என்று நிறுவனம் கூறியதை மனநிறைவின் அடையாளமாகக் கொள்வதற்கு முன் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓய்வின் செலவு

பிணக்கு வெடித்த அதே வாரங்களில் இன்னொரு மாற்றமும் ஒத்திவைக்கப்பட்டது. விமானிகளின் களைப்பைக் குறைக்கும் நோக்கில் டிஜிசிஏ 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டிருந்தது: வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயரும், இரவு நேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்த அவை மார்ச் இறுதியில் தள்ளிவைக்கப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக அமலாயின. விஸ்தாரா அதற்குள், 2024 நவம்பர் 12 அன்று, ஏர் இந்தியாவில் கரைந்துவிட்டிருந்தது.

கூடுதல் ஓய்வு ஒரு விமானியின் மாதப் பறப்பை 70 மணியிலிருந்து 62 மணியாகக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், பழைய ஒப்பந்தத்தில் அந்த 8 மணிக்கான ஊதியத்தை நிறுவனம் தொடர்ந்து தரும். புதிய ஒப்பந்தத்தில் அது விமானியின் சம்பளத்திலிருந்து கழியும். பாதுகாப்புக்காக அரசு விதித்த ஓய்வின் செலவை, ஊதிய ஒப்பந்தத்தின் ஒரே ஓர் உட்பிரிவு ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்கு மாற்றிவிடுகிறது. களைப்பாக இருப்பதால் இன்று பறக்க முடியாது என்று சொல்லும் உரிமை இரு ஒப்பந்தங்களிலும் விமானிக்கு உண்டு. அந்த மாதம் அவர் 70 மணிக்குக் கீழே இருந்தால், புதியதில் மட்டும் அப்படிச் சொல்வதற்கு ஒரு விலையும் உண்டு.